திறக்காத நிலையத்து ரொட்டி

அந்த இடத்தில் சிக்னல் சிவப்பாக எரிந்து துல்கின் ஒருநாளும் பார்த்ததில்லை. சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் வண்டி ஓட்டத் தொடங்கியபோது கருகருவென்றிருந்த அவருடைய மீசை இப்போது பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. இத்தனை வருடத்தில் அனோர்ஸோர் நிலையத்தை விட்டுக் கிளம்பினால் ஒரு வளைவு, ஒரு சரிவு, பிறகு அந்தத் திறக்காத நிலையம், அதைத் தாண்டினால் தெமிர்சி. கண்ணைக் கட்டிவிட்டாலும் சத்தத்தை வைத்தே எங்கே போகிறோம் என்று சொல்லிவிடுவார். வளைவில் சக்கரம் கிறீச்சிடும், சரிவில் மோட்டாரின் முனகல் அடங்கும், திறக்காத நிலையத்துக்குள் நுழைந்ததும் சுவரோடு உரசிக்கொண்டே வந்த இரைச்சல் சட்டென்று விலகி, இருட்டில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் அகலமாகிவிடும். பிறகு மறுபடி சுரங்கம் வந்து அந்த மூச்சைப் பொத்திக்கொள்ளும். பயணிகளுக்கு அது எதுவும் தெரியாது. ஜன்னலில் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

கட்டிப் பாதியில் விட்ட நிலையம் அது. தூண்கள் உண்டு, பளிங்கு கிடையாது. பிளாட்பாரம் உண்டு, மேலே போகும் படி கிடையாது. ஏன் விட்டார்கள் என்று ஓட்டுநர்கள் கேட்டுக்கொள்வதில்லை. வண்டிகள் அங்கே நிற்பதும் இல்லை. இன்று துல்கினின் வண்டி நின்றது.

"தில்பார், திறக்காத ஸ்டேஷன்ல சிவப்பு விழுந்திருக்கு. முன்னாடி வண்டி நிக்குதா?" என்று கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார்.

"அங்கயா? எனக்குப் பச்சையாத்தான் காட்டுது, துல்கின் அண்ணே. முன்னாடி ஒண்ணுமே இல்ல. பட்டப்பகல்லயே தூங்கறீங்களா?"

"தூங்கறவன் எப்படிம்மா பேசுவான்?"

"எங்க வீட்டுக்காரர் பேசுவாரே. கொஞ்சம் இருங்க, பாக்கறேன்."

இருந்தார். மோட்டார் அடங்கியதும் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து ஜன்னலை இறக்கினார். சுரங்கத்துக்கு என்று ஒரு வாடை உண்டு. எண்ணெய், சூடேறிய இரும்பு, ஈரச் சிமெண்டு எல்லாம் கலந்த அந்த வாடை அவருடைய சட்டையிலும் தலையணையிலும் ஏறி உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்று அந்த வாடையைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் வாசனை. கருஞ்சீரகம் தூவிய ரொட்டி.

எட்டிப் பார்த்தார். கதவுக்கு நேரே, பிளாட்பாரத்தின் விளிம்பில், தூசிக்குள் வட்டமாகக் கிடந்தது. அதுவும் கவிழ்ந்து கிடந்தது.

ரொட்டி தரையில் கிடக்கக் கூடாது. முகம் மண்ணில் படக் கவிழ்ந்து கிடக்கவே கூடாது. அந்த ஊரில் பிறந்த திருடன்கூடக் கீழே கிடக்கும் ரொட்டியைத் தாண்டிப் போக மாட்டான். துல்கினின் கை அவரைக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்து, ஒரு காலை வண்டியில் வைத்தபடியே குனிந்து எடுத்து, தூசியை ஊதி, உதட்டில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி, தலைக்கு மேலிருந்த பலகையில் உயரமாக வைத்தார். வைத்த பிறகுதான் அது சூடாக இருந்தது உறைத்தது. ஓரத்தில் யாரோ ஒரு வாய் கடித்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

சிக்னல் பச்சைக்கு மாறியது.

வண்டி நகர்ந்தபோது விளக்கு வெளிச்சம் எதிர்ச் சுவரைத் தடவிக்கொண்டு போனது. சுவர் நெடுக ஆணி அடித்திருந்தது. ஆணிகளில் வட்ட வட்டமாக ஏதோ தொங்கிற்று. பழைய மின்பெட்டி மூடிகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது.

கடைசி நிலையத்தின் ஓட்டுநர் அறையில் எர்காஷ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். துல்கின் ரொட்டியை அலமாரியின் தலையில் வைத்துவிட்டு முகம் கழுவத் துண்டை எடுத்தார்.

"என்ன சம்பந்தி, வெள்ளிக்கிழமை எங்க பையனுக்குப் பொண்ணு கேட்டு எங்க தங்கச்சி உங்க வீட்டுக்கு வரா. சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். வரட்டும், டீ குடிக்கட்டும். ரொட்டி உடைக்கற பேச்செல்லாம் எடுக்கக் கூடாது."

"டீயோட விட்டுருவோமா? ரொட்டிய ரெண்டா உடச்சு உங்க வீட்டுக்குப் பாதி, எங்க வீட்டுக்குப் பாதி. உடஞ்சா உடஞ்சதுதான். அப்புறம் பாதுஷாவே வந்து நின்னாலும் உன் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு."

"அவ மொதல்ல படிச்சு முடிக்கட்டும்."

பெண் கேட்டு வந்த எல்லோரிடமும் துல்கின் இதையேதான் சொன்னார். உண்மை வேறு. மகன் ஸர்தோர் கொரியாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் சிரிப்புச் சத்தம் என்றால் அது மகள் ஸுஹ்ராவின் சத்தம் மட்டும்தான். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் தானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு உள்ளூரப் பயம். அதை யாரிடமும் சொல்ல வெட்கம்.

முகம் கழுவிவிட்டு வந்தபோது ஸுஹ்ரா நாற்காலியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். அந்த நிலையத்துக்கு மேலேதான் அவள் படிக்கும் நர்சிங் கல்லூரி. வகுப்பு முடிந்தால் அப்பாவின் வண்டியிலேயே வீட்டுக்குப் போவாள்.

"பசி கொன்னுடுச்சுப்பா. எந்தக் கடைல வாங்கினீங்க? கை சுடுது."

மடியில் விழுந்த துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொண்டாள். துணுக்குகூடக் கீழே சிந்தக் கூடாது என்று சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்தது. ரொட்டியில் புதிதாக ஒரு கடி. சைக்கிளிலிருந்து விழுந்து அவளுடைய முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதனால் அவள் எதைக் கடித்தாலும் நடுவில் சின்ன மேடு ஒன்று நிற்கும். நின்றது.

எர்காஷ் ரொட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பக்கம் வேற யாரோ கடிச்சிருக்காங்களே."

"அது நான் இல்ல மாமா. நான் ஒரு வாய்தான்."

எர்காஷின் முகத்திலிருந்த கேலி வடிந்துவிட்டது. ஒரு கடி மட்டும் விழுந்த ரொட்டி என்ன ரொட்டி என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும். தொலைவுக்குப் போகிறவன் வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மீதியைச் சுவரில் மாட்டி வைப்பார்கள். அவன் திரும்பி வந்து தின்று முடிக்கும்வரை வேறு யாரும் அதில் வாய் வைக்க மாட்டார்கள். ரொட்டி எங்கே இருக்கிறதோ அங்கே கடித்தவன் வந்து சேருவான். ஸர்தோர் கடித்த ரொட்டியும் துல்கின் வீட்டுச் சமையலறைச் சுவரில் கல்லாகக் காய்ந்து தொங்குகிறது.

ஸுஹ்ரா கை கழுவப் போனதும் எர்காஷ் குரலைத் தாழ்த்தினார். "எங்கேருந்துடா எடுத்த?"

சொன்னார்.

"அங்க சுரங்கம் வெட்டப் போன பசங்க கொஞ்சம் பேர் மேல வரவே இல்லையாம். அவங்க அம்மாமாருங்க ரொட்டிய எல்லாம் கீழ கொண்டுபோய் மாட்டிட்டு, வழிய மூடச் சொல்லிட்டாங்கன்னு எங்க சித்தப்பா சொல்லுவாரு. அவர் எப்பவும் குடிபோதைல இருப்பாரு, நாங்க யாரும் காதுல போட்டுக்கல."

"கீழ கிடந்துச்சுடா. கவுந்து கிடந்துச்சு."

"நானா இருந்தாலும் எடுத்துத்தான் இருப்பேன். யாரா இருந்தாலும் எடுப்பாங்க." எர்காஷ் உதட்டை நக்கிக்கொண்டார். "போற வழியில திருப்பி வச்சிரு."

"இவ கடிச்சதையும் சேர்த்தா?"

எர்காஷ் ரொட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டார். தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வண்டியில் ஸுஹ்ரா முதல் பெட்டியில், ஓட்டுநர் அறைக் கதவுக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தாள். ரொட்டி துல்கினின் மடியில். சூடு இன்னும் ஆறவில்லை. காற்சட்டையைத் தாண்டித் தொடையில் ஏறும் அந்தச் சூடு, மடியில் ஏறிப் படுத்துக்கொண்ட ஏதோ பிராணியின் சூடுபோல் இருந்தது. தெமிர்சியை விட்டுக் கிளம்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரொட்டியை அங்கே வைத்தால் மகள் அங்கே போவாள். வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் அதை முதலில் கடித்தவன் வீட்டுக்கு வருவான். எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு உதைத்தது.

இரைச்சல் விலகியது. பெருமூச்சு. சிவப்பு.

"தில்பார்." பதில் இல்லை. "தில்பார், கேக்குதா?"

கருவியில் இரைச்சல்கூட இல்லை. பின்னால் பெட்டிகளிலும் பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. தண்ணீர் சொட்டியது. நின்றது. ஈரமண்ணில் கால் வைத்து யாரோ மெதுவாக நடந்து வந்தார்கள். ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று துல்கின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நடை கதவருகில் நின்றது.

"ஐயா."

இளவட்டக் குரல். சளி கட்டியதுபோல் கரகரப்பு. நல்ல வளர்ப்புள்ள பையன் பெரியவர்களிடம் பேசும் பணிவு.

"மன்னிச்சுக்குங்க ஐயா. எங்க அம்மா மாட்டினது. காத்துல விழுந்துடுச்சு. உங்ககிட்ட இருக்குங்களா?"

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இது ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை என்றுகூட நினைத்தார். அவன் கடித்த பக்கம் அவனுக்கு. இவள் கடித்த பக்கம் நம் வீட்டுக்கு. யாருக்கு யாரும் கடன் இல்லை. ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கடிக்கும் நடுவே, உடைத்தார். ஆவி பறந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பாதியை ஜன்னல் வழியே நீட்டினார்.

வாங்கிய விரல்கள் ஈரமாக இருந்தன. அவசரம் இல்லாமல், மரியாதையாக, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"ரொம்ப சந்தோஷம், மாமா," என்றது குரல்.

பச்சை.

அனோர்ஸோர் வரைக்கும் துல்கின் வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. மாமா. ஐயா என்று கேட்டு வந்தவன் மாமா என்று சொல்லிவிட்டுப் போனான். ரொட்டியை உடைத்தது யார்? பாதி அவனுக்கு, பாதி நமக்கு என்று மனதுக்குள் பங்கு போட்டு, கையால் எடுத்துக் கொடுத்தது யார்? எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர், கேட்காதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

வீட்டு வாசலில் செருப்புத் தடங்கள். மஞ்சள் களிமண். மேலே தெருவெல்லாம் பனி உறைந்து கிடக்கிறது, களிமண்ணுக்கு எங்கே போவது? மனைவி நஸோகத் கதவைத் திறந்தபோதே முகம் மலர்ந்திருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது.

"என்னங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ரொட்டி உடச்சுட்டு வந்துட்டீங்களாமே? இப்பதான் ரெண்டு பொம்பளைங்க வந்துட்டுப் போனாங்க. எர்காஷ் அண்ணன் வீட்டு ஆளுங்கதான? வெள்ளிக்கிழமைன்னு சொன்னாங்க, இன்னைக்கே வந்துட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அதிகம் பேசல. பழைய காலத்து உடுப்பு. கை ஜில்லுனு ஐஸ் மாதிரி, பாவம், எவ்வளவு தூரத்துலேந்து நடந்து வந்தாங்களோ. டீயத் தொடவே இல்ல. பையன் ரொம்ப நாளா தனியா இருக்கான், சீக்கிரம் கூட்டிட்டுப் போறோம்னாங்க. வெள்ளைத் துணி குடுத்துட்டுப் போனாங்க, பாருங்க."

பெண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணி. மடிப்புக் கலையாமல் தரைவிரிப்பின் மேல் இருந்தது. தொட்டார். நனைந்திருந்தது. ஈரச் சிமெண்டு வாடை.

ஸுஹ்ரா ஒன்றும் கேட்கவில்லை. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள் என்று வீட்டை இரண்டாக்குவாள் என்று எதிர்பார்த்தார், அப்படிச் செய்திருந்தால் அந்த நிமிடம் அவள் காலில்கூட விழுந்திருப்பார். அவள் அப்பாவின் பையைத் திறந்து பாதி ரொட்டியை எடுத்து, சமையலறையில் அண்ணனின் ரொட்டிக்குப் பக்கத்து ஆணியில் தானே மாட்டினாள்.

"ஸுஹ்ரா, கண்ணு. எதையும் நம்பாத. அப்பா பாத்துக்கறேன்."

"ரொட்டி இன்னும் சூடாத்தான் இருக்குப்பா," என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. சளி பிடித்திருக்கும்.

அந்தத் துணியைக் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பையில் போட்டார். திரும்பி வந்தபோது அது தரைவிரிப்பின் மேல் இருந்தது. நஸோகத் தான் எடுத்து வரவில்லை என்றாள்.

காலையில் வேலைக்குப் போக அவருக்கு மனமில்லை. ஆனால் ஆள் இல்லை என்று எர்காஷ் போனில் கெஞ்சினார், நீ வராவிட்டால் அந்த வண்டியை என் தலையில்தான் கட்டுவார்கள் என்று அழாத குறையாகச் சொன்னார். அவருக்கும் வீட்டில் பெண் உண்டு. ரொட்டி சுவரில் இருக்கும்வரை ஸுஹ்ரா இந்த வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும் என்று துல்கின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிளம்பும்போது நஸோகத்திடம், "கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கோ. யார் வந்தாலும் திறக்காத. அவ எங்கயும் போகக் கூடாது," என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாலுமா?"

"அவங்க வந்தாத்தான் திறக்கவே கூடாது."

அனோர்ஸோரில் கதவுகள் திறந்து கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நஸோகத்.

"என்னங்க, பொண்ணு உங்ககூட வந்தாளா?" மூச்சு இரைத்தது. "பூட்டு பூட்டினபடியே இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. அவளக் காணோம். அந்த வெள்ளைத் துணியக் காணோம். சுவத்துல ஆணி காலியா இருக்குங்க."

"எந்த ஆணி?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

கதவுகள் மூடிக்கொண்டன. வளைவில் சக்கரம் கிறீச்சிட்டது. சரிவில் மோட்டாரின் முனகல் அடங்கியது. சிக்னலைத் தேடினார். பச்சை. பச்சையானால் நிற்கக் கூடாது. பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி முக்கியது. முனகியது. நின்றது.

சுவர் முழுக்க ஆணிகள் காலி.

பிளாட்பாரத்தின் விளிம்பு நெடுக அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் நிற்பதுபோல் வரிசையாக. எல்லாம் இளவட்டங்கள். மண் அப்பிய சட்டை. ஒவ்வொருவன் நெஞ்சோடும் ஒரு ரொட்டி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு வெளிச்சம் படவில்லை.

நடுவில் ஸுஹ்ரா.

தலையில் வெள்ளைத் துணி. கையில் முழு ரொட்டி. உடைந்த அடையாளமே இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு கடி மட்டும்.

"ஸுஹ்ரா!"

கண்ணாடியை அறைந்தார். கதவை உலுக்கினார். திறக்கவில்லை. அவள் தின்றுகொண்டிருந்தாள். பசியோடு இல்லை, ஆசையோடும் இல்லை, முடிக்க வேண்டிய வேலையை முடிப்பதுபோல், ஒவ்வொரு வாயாக.

"வேணாம் கண்ணு! தின்னாத! மீதிய வை! கொஞ்சமாவது மீதி வை! மீதி இருந்தாத்தானே நீ வீட்டுக்குத் திரும்பி வர முடியும்!"

பக்கத்து ஜன்னலில் ஈர விரல்கள் பணிவாகத் தட்டின.

"மாமா, எறங்கி வாங்க. எல்லாரும் வந்திருக்காங்க."

அவருக்குப் பின்னால், வண்டியின் கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தன. ஒருவர்கூடக் கத்தவில்லை. காலடிகள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஸுஹ்ரா கடைசி வாயை மென்று விழுங்கினாள். துணியில் விழுந்திருந்த துணுக்குகளை, ஒன்றுகூடக் கீழே சிந்தாமல், அப்பா சொல்லிக்கொடுத்தபடியே உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து, வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டினாள்.